ஈத்தூண்டில்: மூங்கில் கோலா, கார்பன் கோலா?

மூங்கில் கழி, தக்கை, முள், மண்புழு ஆகிய நான்கும் இருந்தால் குளத்தங்கரையில் மீன் பிடித்துவிடலாம் என்பது நம் சிற்றூர்களில் பிள்ளைகளும் அறிந்ததே. இதே தொழிலை வேறொரு முறையில் செய்வதும் உண்டு. அதில் மண்புழு இல்லை, தக்கை இல்லை, ஈயக்குண்டும் இல்லை. இறகாலும் நூலாலும் செய்த பொய்ப்பூச்சியை நீரின் மேல் வீழ்த்தி மீனைப் பிடிக்கும் இம்முறைக்கு ஈத்தூண்டில் என்று பெயரிடலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, நியூசிலாந்து, ஜப்பான் முதலிய நாடுகளில் குளிர்ந்த ஓடைகளின் கரையில் இது பெரும் பொழுதுபோக்காக நிலைத்துள்ளது. நம் நாட்டில் காஷ்மீரிலும் நீலகிரியிலும் வெள்ளையர் காலத்திலேயே இது வேரூன்றியது.

உழவர் இதழில் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. இந்தத் தூண்டிலின் கோல் நெடுங்காலம் மூங்கிலால் ஆனது. அதன் கயிறு பட்டு. அதன் ஈ கோழி இறகு. மூன்றும் உழவன் வீட்டுப் பொருள்கள். பின்னர் தொழிற்சாலைப் பொருள்கள் வந்து மூன்றையும் தள்ளின. ஆயினும் மூங்கில் கோல் மட்டும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. அது ஏன் என்பதை அறிவது கோல் வாங்க நினைப்பவர்க்கும் மூங்கில் பயிரிடுவோர்க்கும் பயன் தரும்.

ஈத்தூண்டிலின் தத்துவம்

சாதாரணத் தூண்டிலை வீசும்போது முனையிலுள்ள ஈயக்குண்டு முன்னே பறக்கிறது. நூல் அதன் பின்னே இழுபட்டுச் செல்கிறது. ஈத்தூண்டிலில் முனையில் இருப்பது எடையற்ற இறகுப்பூச்சி. அதை வீசினால் காலடியிலேயே விழும். எனவே கயிறே கனமுள்ளதாகச் செய்யப்படுகிறது. கோலை ஆட்டும்போது கயிறு சாட்டை வார் போல வளைந்து சுருள் பிரிந்து முன்னே ஓடுகிறது. முனையிலுள்ள பூச்சி அதனுடன் சென்று மெல்ல நீரில் இறங்குகிறது. மாட்டுக்குச் சாட்டை சொடுக்கத் தெரிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இம்முறையில் பெரும்பாலும் பிடிக்கப்படுவது டிரவுட் என்னும் குளிர்நீர் மீன். இதன் முக்கிய உணவு ஓடையில் வாழும் பூச்சிகள். இப்பூச்சிகள் இளம்பருவத்தில் கற்களுக்கு அடியில் பல மாதங்கள் வாழ்ந்து, பின் நீர்மட்டத்துக்கு வந்து சிறகு விரிக்கின்றன. ஆங்கிலேயர் மே ஈ என்றழைக்கும் பூச்சி சிறகு முளைத்தபின் உணவே கொள்வதில்லை. ஓரிரு நாளில் முட்டையிட்டு மடிகிறது. எந்த மாதத்தில், எந்த வேளையில், எந்தப் பூச்சி எழும் என்பதை அறிந்து அதே அளவிலும் நிறத்திலும் ஈயைக் கட்டுபவனுக்கே மீன் அகப்படும். தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சி எப்போது வரும் என்று விளக்குப்பொறி வைத்துப் பார்க்கும் உழவருக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

இதிலுள்ள இன்பமும் இதுவே. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நீரோட்டத்தையும் பூச்சியையும் காற்றையும் உன்னிப்பாகக் கவனித்தபடி இரண்டு மணி நேரம் கழிந்துவிடும். பிடித்த மீனைக் கொல்லாமல் திரும்ப நீரில் விடும் வழக்கமும் இன்று பரவலாக உள்ளது.

கோல் செய்யும் வேலை

கோலை ஒரு வில் என்று கொள்ள வேண்டும். கயிற்றின் கனம் கோலை வளைக்கிறது. கையை நிறுத்தியதும் கோல் நிமிர்ந்து, தன்னுள் சேர்ந்த விசையைக் கயிற்றுக்குக் கொடுக்கிறது. வீசும் முறை வருமாறு:

1. கோலை நிதானமாகத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே மேலே உயர்த்த வேண்டும்.

2. கடிகாரத்தில் 1 மணி முள் நிற்கும் இடத்துக்குக் கோல் வந்ததும் சட்டென நிறுத்த வேண்டும்.

3. கயிறு முதுகுப்புறம் முழுவதும் நீளும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

4. பின் முன்னோக்கி வீசி 10 மணி இடத்தில் நிறுத்த வேண்டும்.

புதிதாகக் கற்பவர்கள் தவறுவது மூன்றாவது படியில்தான். பொறுக்காமல் வீசினால் சாட்டை போல ஓசை கேட்கும். ஈ அறுந்து போகும். வலிமை இங்கே வேண்டுவதில்லை. காலமறிந்து நிறுத்துவதே வேண்டும்.

கயிறும் கோலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இதற்காக 1961-ஆம் ஆண்டு அமெரிக்க உற்பத்தியாளர்கள் ஓர் எண் முறையை வகுத்தனர். கயிற்றின் முதல் 9 மீட்டர் நீளத்தின் எடையைக் கொண்டு எண் இடப்படுகிறது. எண் 5 கயிற்றில் இந்தப் பகுதி சுமார் 9 கிராம் எடையுள்ளது. எண் கூடக் கூடக் கயிறு கனக்கும். கோலின் மீதும் அதற்குரிய எண் எழுதப்பட்டிருக்கும். எண் 5 கோலுக்கு எண் 5 கயிறே ஏற்றது. கன்றுக்குப் பெரிய மாட்டின் நுகத்தடி பொருந்தாதது போலவே இதுவும்.

மூங்கில் கோல்

தொடக்கத்தில் மரக்கோல்களே இருந்தன. தென்னமெரிக்காவின் கயானாவில் விளையும் கிரீன்ஹார்ட் என்னும் கனத்த மரம் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் பெரிதும் பயன்பட்டது. அதே நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் துப்பாக்கி செய்யும் தொழிலாளியான சாமுவேல் பிலிப் என்பவர் மூங்கிலைப் பிளந்து, பட்டைகளை ஒட்டிக் கோல் செய்தார். 1870-களில் ஹைரம் லெனார்ட் என்பவர் ஆறு பட்டைகளை ஒட்டும் முறையை இயந்திரத்தின் துணையுடன் செம்மைப்படுத்தினார். இங்கிலாந்தில் ஆல்னிக் நகரில் 1872-இல் தொடங்கிய ஹார்டி நிறுவனமும் இத்தொழிலில் பெயர் பெற்றது.

இந்த முதல் கோல்களுக்கான மூங்கில் நம் நாட்டிலிருந்து சென்றது என்பதை அறிய வேண்டும். கல்கத்தாத் துறைமுகம் வழியாகச் சென்றதால் அதைக் கல்கத்தா மூங்கில் என்றனர். அது நம் மலையடிவாரங்களில் வளரும் கல்மூங்கில் இனமே. ஆயினும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தின் குவாங்டுங் மாநிலத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. வணிகர்கள் அதற்கு டோங்கின் மூங்கில் என்று பெயரிட்டனர். டோங்கின் என்பது வியட்நாமின் வடபகுதி. மூங்கில் விளைவதோ சீனத்தில். சீனர்கள் அதைத் தேயிலைத்தண்டு மூங்கில் என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். 1931-இல் மெக்குளூர் என்ற தாவர அறிஞர் அதை வகைப்படுத்தி, 'அழகியது' எனப் பொருள்படும் இனப்பெயரைச் சூட்டினார்.

டோங்கின் மூங்கில் முந்திக்கொண்டதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, கழி நேராகவும், அடியும் நுனியும் பெரிதும் வேறுபடாமலும் வளர்கிறது. இரண்டாவது, கணுக்கள் தொலைவில் அமைந்து, புடைப்பின்றி இருக்கின்றன. கணு என்பது நார் வளைந்து செல்லும் இடம். கோல் ஒடிவது பெரும்பாலும் அங்கேயே. மூன்றாவது, வலுவான நார்க்கட்டுகள் புறத்தோலை ஒட்டி அடர்ந்து நிறைந்துள்ளன. எந்த மூங்கிலிலும் புறப்பகுதியே வலிமையுள்ளது, உட்பகுதி மென்மையானது. டோங்கினில் இந்த வலிய பகுதி தடிமனாக உள்ளது.

கோல் செய்யும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். நன்கு உலர்ந்த கழியைப் பிளாச்சுகளாகப் பிளக்கின்றனர். கணுக்கள் ஒரே இடத்தில் சேராதபடி பிளாச்சுகளை முன்பின்னாகத் தள்ளி அடுக்குகின்றனர். பின் ஒவ்வொன்றையும் இழைப்புளியால் 60 பாகை முக்கோணமாக இழைக்கின்றனர். புறத்தோல் பக்கத்தை இழைப்பதில்லை. வலிமை அங்கே உள்ளது. சூடேற்றி ஈரத்தை நீக்கிப் பதப்படுத்துகின்றனர். ஆறு பிளாச்சுகளையும் பசையிட்டு ஒட்டினால் அறுகோணக் கோல் கிடைக்கிறது. பிறகு வார்னிஷ் பூசுகின்றனர். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளவு பார்க்கும் வேலை இது. கையால் ஒரு கோல் செய்யப் பல நாள் உழைப்புத் தேவை. விலையும் அதற்கேற்பவே இருக்கும்.

அக்காலக் கயிறு பட்டு நூலால் பின்னப்பட்டு எண்ணெய் ஊட்டப்பட்டது. ஈயைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பும் பட்டுப்புழுவிலிருந்தே வந்தது. கூடு கட்டும் பருவத்துப் புழுவைப் புளிக்காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியில் எடுத்து நீளமாக இழுப்பார்கள். ஸ்பெயின் நாட்டின் மூர்சியா பகுதி இத்தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1930-களில் கண்டுபிடிக்கப்பட்ட நைலான், உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிலை முடித்துவைத்தது.

கண்ணாடி இழைக் கோல்

மூங்கிலுக்கு இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. 1940-களின் பிற்பகுதியில் கண்ணாடி இழையாலான கோல்கள் விற்பனைக்கு வந்தன. 1950-ஆம் ஆண்டின் இறுதியில், கொரியப் போரை ஒட்டி, அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதித்தது. இத்தடை 1971 வரை நீடித்தது. இருபது ஆண்டுகள் அமெரிக்கக் கோல் செய்வோர் பழைய இருப்பைக் கொண்டே காலம் தள்ள நேர்ந்தது. பலர் தொழிலை விட்டனர். குவாங்டுங் மலைச்சரிவுகளில் மூங்கில் வளர்த்தவர்களும் ஒரு நல்ல சந்தையை இழந்தனர்.

கண்ணாடி இழைக் கோல் மலிவானது, ஈரத்தால் கெடாது, முரட்டுக் கையாளுதலைத் தாங்கும். மெதுவாக வளைந்து நிமிரும். கார்பன் கோலைவிடச் சற்றுக் கனமானது.

கார்பன் கோல்

1960-களில் இங்கிலாந்தின் பார்ன்பரோவிலுள்ள வானூர்தி ஆராய்ச்சி நிலையத்தில் வலிமைமிக்க கார்பன் இழை உருவாக்கப்பட்டது. விமானத்துக்காக வந்த இந்தப் பொருள் 1973-இல் அமெரிக்காவின் பென்விக் நிறுவனத்தின் மூலம் தூண்டில் கோலாகச் சந்தைக்கு வந்தது. கார்பன் இழையை மெல்லிய தாள் போலப் பிசினில் தோய்த்து, எஃகுத் தண்டின் மேல் சுற்றிச் சூடேற்றிப் பின் தண்டை உருவிவிடுகின்றனர். ஆகவே கோல் உள்ளீடற்றது. இன்று உலகில் விற்கும் ஈத்தூண்டில் கோல்களில் பெரும்பாலானவை இவ்வகையே.

ஒப்பிட்டுப் பார்த்தல்

எடை: 9 அடி நீள, எண் 5 கார்பன் கோல் ஏறத்தாழ 75 முதல் 90 கிராம் இருக்கும். 8 அடி மூங்கில் கோலே 110 கிராமுக்கு மேல் இருக்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை வீசும் கைக்கு இந்த வேறுபாடு தெரியும்.

தொலைவு: கார்பன் விரைந்து நிமிர்வதால் தொலைவில் வீசவும், எதிர்காற்றில் வீசவும் ஏற்றது. அகன்ற ஏரிக்கும் ஆற்றுக்கும் நன்று.

மென்மை: மூங்கில் மெதுவாக நிமிர்வதால் ஈ அரவமின்றி இறங்கும். சிற்றோடையில் 8, 10 மீட்டர் தொலைவில் அச்சமுள்ள மீனுக்கு வீச இதுவே ஏற்றது. நுனி வளைந்து கொடுப்பதால் மெல்லிய நரம்பும் எளிதில் அறாது.

உறுதி: மூங்கில் மிகைப்பளுவில் முதலில் வளைந்து நின்று எச்சரிக்கை செய்யும். கார்பன் அவ்வாறன்று, கண்ணுக்குத் தெரியாத கீறல் பட்டிருந்தாலும் திடீரென முறியும்.

பராமரிப்பு: கார்பனைத் துடைத்து வைத்தால் போதும். மூங்கிலை ஈரத்துடன் உறையில் இட்டால் பூசணம் பிடிக்கும், பசை விடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் கோணிவிடும். துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும்.

பழுது: மூங்கில் கோலின் முறிந்த நுனியைத் தேர்ந்த கைவினைஞர் புதுப்பித்துத் தர முடியும். பேணிக்காத்த மூங்கில் கோல் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதுண்டு. முறிந்த கார்பன் கோலில் அந்தத் துண்டையே மாற்ற வேண்டியுள்ளது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதன்முதல் கற்பவர் விலைமலிவான கார்பன் கோல் அல்லது கண்ணாடி இழைக் கோல் வாங்குவதே சிக்கனம். எண் 5, நீளம் 8½ முதல் 9 அடி என்பது பல வகை நீருக்கும் பொதுவாகப் பொருந்தும். கடையில் கோலை வெறுமனே ஆட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கயிறு பூட்டி, திறந்தவெளியில் வீசிப் பார்த்தே வாங்க வேண்டும். கோலில் மிச்சம் பிடித்த பணத்தை நல்ல கயிற்றில் செலவிடுவது நலம். நல்ல கோலுக்கு மோசமான கயிறு, நல்ல ஏருக்குத் தேய்ந்த கொழுவைப் பூட்டியது போலாகும்.

கை பழகி, சிற்றோடையில் நிதானமாக மீன்பிடிப்பதே இன்பம் என்று உணர்ந்தவர்க்கு மூங்கில் கோல் தகும். பழமை என்பதற்காகவோ, பெருமைக்காகவோ அதை வாங்குவதில் பொருளில்லை.

இவ்விரண்டுக்கும் செலவு செய்ய இயலாதவர்க்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஜப்பானின் மலைக்கிராமங்களில் டென்காரா என்னும் முறை வழங்குகிறது. இதில் ரீல் இல்லை. நீண்ட மெல்லிய கோலின் நுனியிலேயே நூலைக் கட்டி, அதன் முனையில் ஈயைக் கட்டுகின்றனர். அவர்கள் முன்பு மூங்கிலையே பயன்படுத்தினர். இன்று மடக்குக் கார்பன் கோல்களும் வந்துள்ளன. நம் நாட்டுத் தூண்டிலும் அமைப்பில் இதுவே. மெல்லிய, நேரான, நன்கு உலர்ந்த மூங்கில் கழியும், கோழி இறகு கட்டிய சிறு முள்ளும் இருந்தால் சொந்தப் பண்ணைக்குட்டையிலேயே பழகிப் பார்க்கலாம். ஜிலேபிக் கெண்டையும் சிறு கெண்டைகளும் நீர்மட்டத்தில் விழும் பூச்சியை விழுங்கக்கூடியவை.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, மின்கம்பி. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் கோல் மின்கம்பியில் பட்டாலும், உயர் அழுத்தக் கம்பியை நெருங்கினாலும் உயிர் போகும். ஈரமான மூங்கிலும், கண்ணாடி இழையும்கூட நம்பத்தக்கவை அல்ல. மேலே கம்பி செல்லும் இடத்திலிருந்து 30 மீட்டர் விலகியே மீன்பிடிக்க வேண்டும் என்று பிரிட்டனில் அறிவுறுத்துகின்றனர். நம் வயல்களிலும் கிணற்றடியிலும் கம்பிகள் தாழ்ந்து தொங்குவதால் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும். கோலை நிமிர்த்திப் பிடித்தபடி நடக்கக் கூடாது. இடி மின்னலின்போது கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலக வேண்டும்.

இரண்டாவது, அறுந்த நைலான் நரம்பை வரப்பில் எறியக் கூடாது. அது மக்காது. மேயும் மாட்டின் வயிற்றிலும் பறவையின் காலிலும் சிக்கும்.

மூன்றாவது, காட்டுக்கோழி. சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகிலுள்ள மெருகிட்டது போன்ற புள்ளிகளை மேல்நாட்டு ஈ கட்டுவோர் பெரிதும் விரும்பினர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அப்பறவையை வேட்டையாடுவது குற்றம். வீட்டுச் சேவலின் கழுத்து இறகே ஈ கட்டப் போதும்.

நீலகிரி ஓடைகளும் பூச்சிமருந்தும்

நீலகிரிக்கு டிரவுட் மீன் இயல்பானதன்று. 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் அதைக் கொண்டுவர முயன்றார்; பயனில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, வானவில் டிரவுட் நிலைபெற்றது. அங்கே மீன்பிடிக்க விரும்புவோர் உரிய துறைகளின் முன்அனுமதி பெற்றே செல்ல வேண்டும்.

இம்மீனுக்குக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள நீர் தேவை; நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்தால் அது துன்புறும். அதன் உணவான ஓடைப்பூச்சிகளோ மருந்துக்கு மிக எளிதில் இரையாகின்றன. மலைக்காய்கறித் தோட்டத்திலும் தேயிலையிலும் தெளிக்கும் மருந்து மழையில் கழுவப்பட்டு ஓடையில் சேர்ந்தால் முதலில் மறைவது மே ஈ போன்றவையே. கல்லைப் புரட்டிப் பார்க்கும்போது அப்பூச்சிகள் நிறைய இருந்தால் நீர் தூயது என்று கொள்ளலாம். எனவே ஓடைக்கரையில் சில மீட்டர் அகலத்துக்குப் புல்வரிசை விடுவதும், தெளிப்பானை ஓடையில் கழுவாதிருப்பதும் மீனுக்கு மட்டுமன்றி, கீழே அந்நீரைக் குடிப்போர்க்கும் செய்யும் உதவி.

மூங்கில் பயிரிடுவோர்க்கு

கல்கத்தா மூங்கில் சந்தையை இழந்தது தரத்தால். டோங்கின் மூங்கில் தடைக்குப் பின்னும் மீண்டது தரத்தால். அதன் கழிகளை முதிர்ச்சி பார்த்து வெட்டி, மணலால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, நேர்மை பார்த்துப் பிரித்தே அனுப்புகின்றனர். ஒரே தூரில் வெட்டிய கழிகளில் சில மட்டுமே கோலுக்குத் தேறும். மற்றவை பந்தலுக்கும் வேலிக்கும் போகும். தேறும் கழிக்கே நல்ல விலை.

நம் கல்மூங்கிலுக்கும் இதே நெறி பொருந்தும். ஓராண்டு இளங்கழியை வெட்டக் கூடாது. 3 முதல் 4 ஆண்டு முதிர்ந்த கழியையே வெட்ட வேண்டும். குருத்து எழும் மழைக்காலத்தில் வெட்டக் கூடாது. வறண்ட பருவத்தில் வெட்டினால் மாவுச்சத்து குறைந்திருப்பதால் துளைக்கும் வண்டு அதிகம் தாக்காது. நிழலில் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்த வேண்டும். தடிமன், நேர்மை, கணு இடைவெளி ஆகியவற்றைப் பார்த்துத் தரம் பிரித்து விற்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், வனத்துக்கு வெளியே வளர்க்கும் மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. பட்டா நிலத்து மூங்கிலைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இது துணையாக அமைந்துள்ளது.

தொலைவும் மலிவும் வேண்டுவோர் கார்பனை நாடுகின்றனர். நிதானமும் கைவினையும் வேண்டுவோர் இன்றும் மூங்கிலுக்குக் கூடுதல் விலை கொடுக்கின்றனர். புதிய பொருள் வந்த பின்னும் பழைய பொருளுக்கு ஓரிடம் நிற்கிறதென்றால், அது தன் வேலையைச் செவ்வனே செய்வதால்தான். கோல் வாங்குவோர் தம் நீருக்கும் கைக்கும் பணப்பைக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூங்கில் வளர்ப்போர் தம் கழியை எடைக்கணக்கில் தள்ளிவிடாமல், முதிர்ச்சி பார்த்து வெட்டித் தரம் பிரித்து விற்றுப் பயன்பெற வேண்டும்.